பெரியம்மாவின் வீட்டைப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் விடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கித் திருப்பி வைக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு 74 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்யாணம் செய்யவில்லை, தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மூன்று நாடுகளில் இருக்கிறார்கள். உவர்மலையில் வீடு, தம்பலகாமத்தில் இரண்டு ஏக்கர் வயல், வங்கியில் 40 லட்சம் நிலையான வைப்பு. தன் காலத்துக்குப் பிறகு இதன் வருமானத்தில் மூதூர், வெருகல் பக்கத்துப் பிள்ளைகள் உயர்தரம் படிக்க வேண்டும் என்கிறார். "கொழும்பில் அரசாங்க நம்பிக்கைப் பொறுப்பு அலுவலகம் ஒன்று இருக்கிறதாம், அதற்குக் கொடுத்தால் அரசாங்கமே விழுங்கிவிடாதா?" என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் கிடக்கின்றன: சொத்து யாருடையது ஆகும், அந்த அலுவலகம் எதைச் செய்யும் எதைச் செய்யாது, திருகோணமலையில் இருந்தபடி எங்கே தொடங்குவது.

அலுவலகத்தின் பெயர் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் திணைக்களம். கொழும்பு 7, புல்லர்ஸ் ஒழுங்கையில் இருக்கிறது. ஊழியர் நம்பிக்கை நிதியத்தோடு இதைக் குழப்ப வேண்டாம். பெயரில் 'நம்பிக்கை' இருப்பதால் ஈ.ரி.எவ். காசு கேட்டு இங்கே கடிதம் எழுதுகிறவர்கள் உண்டு. இதற்கு அடிப்படை 1922ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் கட்டளைச் சட்டம். அந்தச் சட்டம் பதவியையே ஒரு சட்ட ஆளாக ஆக்கியிருக்கிறது. கதிரையில் இருக்கிற ஆள் ஓய்வு பெற்றாலும் இறந்தாலும், சொத்து அந்தப் பதவியின் பெயரில் அப்படியே நிற்கும், புது உறுதி (சொத்துப் பத்திரம்) எழுதத் தேவையில்லை. இந்த அலுவலகத்தைத் தேடிப் போவதற்குச் சரியான காரணம் இதுதான். பெரியம்மா நம்புகிற சின்னம்மா மகனுக்கு இன்றைக்கு 50 வயது என்றால், இன்னும் முப்பது வருடத்தில் அவருக்கும் ஒரு மரணசாதனம் (உயில்) தேவைப்படும். பதவிக்கு வயது போவதில்லை.

விழுங்குமா என்ற பயத்துக்கு வருகிறேன். நம்பிக்கைப் பொறுப்பு என்றால் சொத்து ஒருவர் பெயரில் இருக்கும், பயன் இன்னொருவருக்குப் போகும். பெயர் வைத்திருக்கிறவர் அதைத் தன் சொந்தத்துக்கு எடுக்க முடியாது. எழுதிய நோக்கத்துக்கு வெளியே செலவழித்தால் அது நம்பிக்கை மீறல், மாவட்ட நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் அரச உத்தியோகத்தர் என்பதால் அவர் பெயரில் இருக்கும் வீடு அரச சொத்து ஆகிவிடாது. அரசுக்குச் சொத்துப் போகும் வழி வேறு: மரணசாதனமும் இல்லாமல், உரித்தாளி என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் இறந்துபோனால் போகும். உங்கள் பெரியம்மாவுக்கு அந்த நிலை இல்லை. அவர் எதுவும் எழுதாமல் போனால் உறுதிக் காணியும் காசும் 1876ஆம் ஆண்டின் உரித்துச் சட்டப்படி கூடப்பிறந்தவர்களுக்கும், இறந்தவர்களின் இடத்தில் அவர்கள் பிள்ளைகளுக்கும் போகும். ஏழெட்டுப் பேர் மூன்று நாடுகளில் இருந்து கையெழுத்து வைத்து ஒரு வீட்டை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டிவரும். மூதூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கொப்பி வாங்கவும் காசு போகாது. ஆகவே பயப்பட வேண்டியது எழுதாமல் விடுவதற்குத்தான்.

இடையில் ஒன்று. தேசவழமை வடமாகாணத் தமிழருக்கான சட்டம், கிழக்கில் பொதுச் சட்டமே செல்லும். ஆனால் பெரியம்மாவின் குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இங்கே குடியேறியது என்றால், அவருக்குத் தேசவழமை பொருந்துமா என்ற வாதத்தை யாராவது கிளப்பக்கூடும். நிரந்தர வதிவிடம் எது என்பதைப் பொறுத்த விடயம் அது. சட்டத்தரணி உங்கள் குடும்ப விபரத்தைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

இந்த அலுவலகம் இரண்டு வேலைகளை ஏற்கலாம். சனம் இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. ஒன்று நிறைவேற்றுநர் வேலை: மரணசாதனத்தை நீதிமன்றத்தில் ஒப்புவித்து, கடன் வரவு பார்த்து, சொத்தை எழுதியபடி கைமாற்றிக் கணக்கை மூடுவது. அதற்கு முடிவு உண்டு. மற்றது நம்பிக்கைப் பொறுப்பு: சொத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வாடகை வாங்கி, வட்டி வாங்கி, வருடாவருடம் கொடுத்துக்கொண்டே இருப்பது. அறநோக்கமானால் அதற்கு முடிவு இல்லை. மரணசாதனத்தில் "நிறைவேற்றுநராக நியமிக்கிறேன்" என்று மட்டும் எழுதி, நம்பிக்கைப் பொறுப்பை உருவாக்கும் பந்தியை விட்டுவிட்டால், அலுவலகத்துக்கு முதல் வேலை மட்டும்தான் கிடைக்கும். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் எதையும் ஏற்றே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை, மறுக்கலாம். எதை மறுப்பார் என்று முன்கூட்டி ஒருவராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பொறுப்பாளரும் தயங்குகிற சொத்துகளைச் சொல்லலாம்: உரித்து வழக்கில் கிடக்கும் காணி, வேறொருவர் குடியிருந்து எழும்ப மறுக்கும் வீடு, கடன் மிஞ்சிய ஆதனம், ஆள் நின்று நடத்த வேண்டிய கடை, வருமானம் தராமல் செலவு மட்டும் வைக்கும் வெறும் வளவு. உவர்மலை வீடு இந்தப் பட்டியலில் வராது என்று நினைக்கிறேன், ஆனால் காகிதத்தில் பார்க்க வேண்டும். காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடத் தோம்பு (காணி யார் யார் கைக்கு மாறியது என்ற பதிவேட்டின் பிரதி) எடுங்கள். உறுதியில் இருக்கும் பெயரும் தேசிய அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். நம் ஊர் உறுதிகளில் அதிகமாகக் கோளாறு வருவது இதில்தான். உறுதியில் தகப்பன் பெயர் 'கந்தசுவாமி', அடையாள அட்டையில் 'கந்தசாமி', வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும். ஆள் உயிரோடு இருக்கும்போது ஒரு சத்தியக்கடதாசியில் முடிகிற வேலை, இறந்த பிறகு மூன்று தவணைக்கு இழுபடும். நில அளவைப் படம் பழையது என்றால், இப்போதுள்ள மதில் எல்லையோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வயல்தான் சிக்கல். தம்பலகாமத்து வயல் உறுதிக் காணியா, பெர்மிட் காணியா என்று நீங்கள் எழுதவில்லை. குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த அனுமதிப்பத்திரம் (பெர்மிட்) அல்லது அளிப்பு (அரசு தரும் காணிப் பத்திரம்) என்றால் அது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். அந்தக் காணிக்குப் பின்னுரித்தாளியை அந்தச் சட்டம் சொல்லும் முறையில் குறிக்க வேண்டும், நினைத்தபடி பிரித்து எழுத முடியாது. மற்றச் சொத்தோடு சேர்த்து "என் எல்லா ஆதனங்களும் நம்பிக்கைப் பொறுப்புக்கு" என்று எழுதினால் வயலுக்கு அந்த வரி நின்றுபிடிக்கும் என்று எண்ண வேண்டாம். தம்பலகாமம் பிரதேச செயலகத்துக்குப் போய் காணிக் கிளையில் கோவையை (பைலை) பார்த்து, பின்னுரித்தாளி யார் என்று பதிந்திருக்கிறது என்று அறிந்து, வயலைக் குடும்பத்தில் செய்கைபண்ணுகிற ஒருவருக்குக் குறித்துவிடுவதுதான் என் யோசனை. உறுதிக் காணியாகவே இருந்தாலும் குத்தகைக்காரர் இருக்கிறாரா என்று பாருங்கள்; வயல் குத்தகைக்காரரின் உரிமை 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தால் காக்கப்படுகிறது. கொழும்பிலுள்ள ஓர் அலுவலகம் போகம் போகமாகக் குத்தகை நெல் அளந்து வாங்கும் என்று எதிர்பார்ப்பது யதார்த்தம் அல்ல.

வங்கிக் காசிலும் ஒரு கண்ணி உண்டு. நிலையான வைப்பு போடும்போது படிவத்தில் ஒருவரைப் பெயர் குறித்திருப்பார். பெரும்பாலும் பக்கத்தில் நின்ற மருமகளின் பெயராக இருக்கும், குறித்தது பெரியம்மாவுக்கே மறந்திருக்கும். இறந்தவுடன் அந்த ஆள் மரணச் சான்றிதழோடு போய்க் காசை எடுக்கலாம். மரணசாதனத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது. கூட்டுக்கணக்கு என்றாலும் இதே கதைதான். எனவே ஒவ்வொரு வைப்புக்கும் வங்கியில் நேரில் கேட்டு, பெயர் குறிப்பை நீக்குவதா மாற்றுவதா என்று முடிவெடுத்து, எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் மரணசாதனம் எழுதினால் 40 லட்சம் நம்பிக்கைப் பொறுப்பின் கைக்கு வராமலே போகலாம். வீடு மட்டும் மிஞ்சும், அதைத் திருத்தக்கூடக் காசு இருக்காது.

இனி முக்கியமானது, எழுதும் வாசகம். "என் சொத்தின் வருமானத்தை ஏழை மாணவருக்குக் கொடுக்கவும்" என்று எழுதினால் சட்டப்படி அறநோக்கமாக நிற்கும். 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 99ஆம் பிரிவு வறுமை நீக்கம், கல்வி, மதம், மக்களுக்கு நன்மை தரும் பிற நோக்கம் என்பவற்றை அறநோக்கமாகக் கொள்கிறது. ஆனால் புல்லர்ஸ் ஒழுங்கையில் கோவையைக் கையில் வைத்திருக்கும் உத்தியோகத்தர் அந்த வரியை வைத்து என்ன செய்வார்? எந்த ஏழை, எந்த ஊர், எத்தனை பேர், யார் தெரிவு செய்வது? அவருக்கு மூதூரும் தெரியாது, சம்பூரும் தெரியாது. பிழையாகக் கொடுத்துக் கணக்காய்வில் மாட்டுவதைவிடக் கொடுக்காமல் வட்டியைக் குவிய விடுவது அவருக்குப் பாதுகாப்பு. அறக் காசு செலவழியாமல் தேங்குவதற்கு அநேகமாக இதுதான் காரணம், களவு அல்ல.

எனவே வாசகம் அந்த உத்தியோகத்தருக்கு எழுதும் கட்டளைபோல இருக்க வேண்டும். ஏறத்தாழ இப்படி: "மூதூர், வெருகல் பிரதேச செயலாளர் பிரிவுகளில் வசிக்கும், அரச பாடசாலையில் உயர்தரம் கற்கும், குடும்ப வருமானம் குறைந்த மாணவருக்கு மாதந்தோறும் உதவிப்பணம் கொடுக்க வேண்டும். ஒருமுறை தெரிவான மாணவருக்குப் பரீட்சை எழுதும்வரை கொடுக்க வேண்டும். மாணவர் பெயர்களை அந்தந்தக் காலத்தில் மூதூர் வலயக் கல்விப் பணிப்பாளராக இருப்பவரும், அந்தந்தப் பிரதேச செயலாளராக இருப்பவரும் சேர்ந்து விதந்துரைக்க வேண்டும். அவர்கள் ஆறு மாதத்துக்குள் விதந்துரைக்காவிட்டால் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் தாமே பாடசாலை அதிபர்களிடம் பெயர் கேட்டுத் தெரிவு செய்யலாம்." ஆள் பெயர் எழுதவில்லை, பதவிப் பெயர்தான். "இப்போதைய அதிபர் திரு. இன்னார்" என்று எழுதினால் அவரோடு அந்த ஒழுங்கும் போய்விடும்.

தொகையை ரூபாயில் எழுதாதீர்கள். மாதம் 500 ரூபா என்று ஒரு காலத்தில் தாராளமாக எழுதியது இன்று பேனை பென்சிலுக்குக் காணாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்துக்குப் போனதை எல்லோரும் பார்த்தோம். "தேறிய வருமானத்தின் 80 வீதம் உதவிப்பணத்துக்கு, 20 வீதம் முதலோடு சேர்க்க" என்று வீதத்தில் எழுதினால் காலம் மாறினாலும் நிற்கும். ஏழ்மையை அளக்கும்போது ஏதாவது ஒரு நலத்திட்டத்தின் பெயரைக் கட்டிவிடுவதும் இதே பிழைதான். ஒருகாலம் ஜனசவிய, பிறகு சமுர்த்தி, 2023இலிருந்து அஸ்வெசும. "சமுர்த்தி பெறும் குடும்பம்" என்று எழுதிய சாதனத்தை இன்றைக்கு வாசிக்கிறவர் முழிக்க வேண்டியதுதான். "அக்காலத்தில் நடைமுறையிலுள்ள அரச வறுமை நிவாரணத் திட்டம்" என்றால் போதும்.

நோக்கம் சாத்தியமா என்று ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு வட்டி 8 வீதம், வீட்டு வாடகை மாதம் 40,000 என்று வைப்போம். வைப்பிலிருந்து வருடம் 320,000, வாடகை 480,000, மொத்தம் எட்டு லட்சம். இதில் சோலைவரி, கூரை, கிணற்று மோட்டர், வெள்ளையடிப்பு, வாடகைக்கு ஆள் இல்லாத ஓரிரு மாதம், வட்டியில் பிடிக்கும் வரி, அலுவலகக் கட்டணம் எல்லாம் போக ஐந்தரை, ஆறு லட்சம் மிஞ்சினால் நல்லது. முதலோடு சேர்க்கும் 20 வீதத்தையும் கழித்தால் மாணவர் ஒருவருக்கு மாதம் 6,000 வீதம் ஆறு பேர் என்று வரும். "இரண்டு பிரதேசத்திலும் உள்ள எல்லா ஏழைப் பிள்ளைகளும்" என்று ஆசைப்பட்டு எழுதினால் ஆளுக்கு நூறு ரூபா வரும். ஆறு பேர் என்றாலும் அந்த ஆறு பேருக்கு வெருகலில் இருந்து மூதூருக்கு ரியூசனுக்குப் போகும் பஸ் காசுக்காவது அது நிச்சயம் உதவும்.

கையெழுத்து வைக்கும் நாளைப் பற்றி. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி மரணசாதனம் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) இரண்டு சாட்சிகளும் முன்னால் இருக்கக் கையெழுத்து வைக்கலாம், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் முன்னிலையில் வைக்கலாம். எந்த வழி என்றாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருக்க வேண்டும். "நான் பின்னேரம் வந்து வைக்கிறேன்" என்று ஒரு சாட்சி சொன்னால் அன்றைக்கு வேலை நடக்காது, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நொத்தாரிசு வழியே நல்லது. சாட்சிகள் பெரியம்மாவைவிட இருபது வருடமாவது இளையவர்களாக இருக்கட்டும். வழக்கு வந்தால் கூண்டில் ஏற அவர்கள் இருக்க வேண்டும். சாதனத்தால் பயன் பெறும் ஒருவரையோ அவருடைய கணவன் மனைவியையோ சாட்சியாகப் போட வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் பெரியம்மா கையெழுத்து வைக்கட்டும். வெட்டித் திருத்திய இடம் இருந்தால் அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்து எடுங்கள். அதே கிழமையில் ஒரு வைத்தியரிடம் காட்டி, மனத்தெளிவோடு இருக்கிறார் என்று ஒரு சான்று எடுத்து வைப்பது 74 வயதில் வீண் அல்ல. மரணசாதனத்தை எதிர்க்க நினைக்கும் உறவினர் "எனக்கு ஒரு பங்கு சட்டப்படி உண்டு" என்று வர முடியாது. 1844ஆம் ஆண்டின் மரணசாதனக் கட்டளைச் சட்டம் தன் சொத்தை விரும்பியவருக்கு எழுதும் முழுச் சுதந்திரத்தைத் தருகிறது. அவர்கள் வரக்கூடிய வாசல்கள் மூன்று: அறிவு தெளிவில்லை, வற்புறுத்தி எழுதுவித்தார்கள், கையெழுத்து அவருடையது அல்ல. மூன்றையும் அந்த ஒரு நாளில் அடைத்துவிடலாம். (இன்னொன்று: எழுதியவர் பிறகு திருமணம் செய்தால் பழைய சாதனம் செல்லாது. பெரியம்மாவுக்கு இது வேண்டியதில்லை, வாசிக்கும் வேறு யாருக்காவது வேண்டிவரலாம்.)

சாதாரண உறுதி எழுதினால் அதன் இரண்டாம் பிரதியை நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். மரணசாதனம் அப்படிப் போவதில்லை. அதனால் தோம்பைத் தேடி ஒருவர் மரணசாதனத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மூலத்தை எங்கே வைப்பது என்பது இதனால் பெரிய கேள்வி. தன்னை நிறைவேற்றுநராகக் குறித்த சாதனத்தை பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் தம் பாதுகாப்பில் வைத்துக்கொள்வார், பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிரதி ஒன்று வீட்டில், ஒன்று உங்களிடம். அலுமாரிக்குள் சேலைக்கடியில் மட்டும் வைக்காதீர்கள், முதலில் திறக்கப்படும் இடம் அதுதான்.

பெரியம்மா காலமானால் கொழும்புக்குத் தானாகச் செய்தி போகாது. ஊரில் ஒருவர் மரணச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியோடு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று இப்போதே தீர்மானியுங்கள். அதன்பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு, பத்திரிகை அறிவித்தல், சொத்து விபரப் பட்டியல், மதிப்பீடு, புரோபேட் (மரணசாதனம் செல்லும் என்று நீதிமன்றம் தரும் பத்திரம்). எதிர்ப்பு இல்லாவிட்டால் மாதக் கணக்கு, எதிர்ப்பு வந்தால் வருடக் கணக்கு. அந்த இடைக்காலத்தில்தான் வீடு சீரழியும். பூட்டிய வீட்டில் ஓடு கழன்று மாரிமழை இறங்கும், மின்சாரம் துண்டிக்கப்படும், "காவலுக்கு" வந்தவர் குடியிருப்பவர் ஆவார். சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல் 10 வருடம் தடையின்றி ஆண்டால் அவரே உரித்துக் கேட்கலாம். திறப்பை யாரிடம் கொடுப்பது என்பதை எழுதுங்கள், முதல் வருடச் செலவுக்கு ஒரு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள், காவலுக்கு ஆள் வைத்தால் அனுமதியின் பேரில் இருக்கிறார் என்று கையெழுத்துக் கடிதம் வாங்குங்கள்.

இதுவரை சொன்னதில் உறுதியானவை: சொத்து அரசுடையது ஆகாது, பதவி தொடரும், அலுவலகக் கணக்கு அரச கணக்காய்வுக்கு உட்பட்டது. ஆளைப் பொறுத்து மாறக்கூடியவை: வேகம், கடிதத்துக்குப் பதில் வரும் காலம், வீட்டை நல்ல வாடகைக்கு விடும் அக்கறை. கட்டணம் உண்டு, இலவச சேவை அல்ல. விகிதத்தை இப்போதே எழுத்தில் கேட்டு அந்தப் பதிலைச் சாதனத்தோடு வைத்திருங்கள். பிற்காலத்தில் காசு ஒழுங்காகப் போகிறதா என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாணவர்களின் தனிப்பட்ட விபரம் தரமாட்டார்கள், மொத்த வரவு செலவைக் கேட்கலாம். இதைவிட நல்ல வழி, ஆண்டுக் கணக்கின் பிரதியை மூதூர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சாதனத்திலேயே ஒரு வரி போடுவது.

உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதியாக எழுதி, சீவிய உரித்தை (சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை) தன்னிடம் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், அதற்கு மரணசாதன வழக்கும் தேவைப்படாது. ஆனால் கொடுத்ததைத் திரும்ப எடுப்பது கடினம். நாளைக்கு வைத்தியச் செலவுக்கு வீட்டை விற்க வேண்டிவந்தால் பெரியம்மாவின் கை கட்டப்பட்டிருக்கும். மரணசாதனத்தை எத்தனை முறையும் மாற்றலாம். 74 வயதில் நான் சொல்வது மரணசாதனமே. இன்னொரு வழி, ஊரில் மூன்று நான்கு நம்பகமானவர்களைப் பொறுப்பாளராக வைத்து நொத்தாரிசு உறுதியால் தனி நம்பிக்கைப் பொறுப்பு அமைப்பது. மாணவரைத் தெரிவு செய்வதில் இவர்கள் கொழும்பைவிடக் கெட்டிக்காரர்கள். முதல் தலைமுறை நன்றாக நடத்தும், இரண்டாவதில் பிணக்கு வரும், மூன்றாவதில் யார் பொறுப்பாளர் என்று வழக்கு நடக்கும். இரண்டையும் கலந்து, சொத்து பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடமும் தெரிவு உள்ளூர்ப் பதவிகளிடமும் என்று பிரித்ததைத்தான் மேலே வாசகமாகக் காட்டினேன். கிண்ணியா, மூதூரில் இருந்து வாசிக்கும் முஸ்லிம் அன்பர்களுக்கு: வக்புக்கு (இஸ்லாமிய அறக்கொடைக்கு) 1956ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் வக்பு சபையும் இருக்கின்றன, அங்கே முதலில் கேளுங்கள்.

வயது வராத பிள்ளைகளின் காணியை விற்பது பற்றியும் காணாமல்போனவரின் சொத்துப் பற்றியும் கீழே ஒருவர் கேட்டிருந்தார், அதற்கும் இரண்டு வரி. வயது வராத பிள்ளைகளுக்கு வந்த காணியைத் தாய் தகப்பனே ஆனாலும் மாவட்ட நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. காணாமல்போனவருக்கு எடுத்த காணக்கிடைக்காமைச் சான்றிதழ் மரணச் சான்றிதழுக்குச் சமன் அல்ல, அதை வைத்து மரணசாதன வழக்குப் போட இயலாது. இரண்டுக்கும் போக வேண்டிய இடம் சட்ட உதவி ஆணைக்குழு. பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் வழக்குப் பேசித் தரும் அலுவலகம் அல்ல.

தொடங்குவதற்கு இரவு ரயில் ஏற வேண்டியதில்லை, முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறும் உரிமையும் அரசியலமைப்பில் உண்டு. ஆனாலும் ஆங்கிலப் பிரதி ஒன்றையும் சேர்த்தால் மொழிபெயர்ப்புக்காகக் கோவை ஒரு மேசையில் காத்துக்கிடக்காது. கடிதத்தில் ஐந்து விடயம்: பெரியம்மாவின் பெயர், வயது, விலாசம்; வீட்டின் உறுதி இலக்கம், படம், தோம்புப் பிரதி; வைப்புகளின் தோராயத் தொகை (வங்கிக் கணக்கு இலக்கம் வேண்டாம்); நோக்கம் நான்கு வரியில்; "நிறைவேற்றுநராகவும் நம்பிக்கைப் பொறுப்பாளராகவும் இரண்டு பதவிகளையும் ஏற்பீர்களா, கட்டணம் என்ன" என்ற நேரடிக் கேள்வி. மூலங்களை அனுப்ப வேண்டாம், நிழற்பிரதி போதும். பதிவுத்தபாலில் போட்டுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஏற்கிறோம் என்ற பதில் கைக்கு வந்த பிறகு நொத்தாரிசிடம் போங்கள்; அந்தப் பதிலையும் கூடவே கொண்டுபோங்கள், பதவியின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்பது அந்தக் கடிதத் தலைப்பிலேயே இருக்கும்.